எங்கள் நாட்டுப் படிக்கல்

சென்ற வருடம் உயர்தர வகுப்பில் கதிர்த்தொழிற்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தேன். யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாக மாறும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள்.

"டீச்சர், பூமிக்கு 455 கோடி வயசு எண்டு புத்தகத்தில கிடக்கு. அத ஆரு பாத்த?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வயதில், இதே கல்லூரியில், இதே கேள்வி என் மனத்திலும் இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்காமலே இருந்துவிட்டேன். இந்தக் கேள்விக்குரிய விடையில் எமது நாட்டுக் கல்லொன்று இருக்கிறது என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். அதை அந்தப் பிள்ளைக்கும், அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும், முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு பழைய தட்டுத் தராசு. அரிசி எவ்வளவு என்று தராசுக்குத் தானாகத் தெரியாது. ஒரு தட்டில் படிக்கல்லை வைத்தால்தான் மற்றத் தட்டில் உள்ளதற்கு ஒரு கணக்கு வரும். படிக்கல் பிழைத்தால் ஊர் முழுக்க அளவு பிழைக்கும். அதனால்தான் அதற்கு அரசாங்க முத்திரை. இந்தப் படிக்கல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் ஆதிகாலத்தை அளந்த கதையும் ஒரு படிக்கல்லின் கதைதான்.

கல்லின் வயதை எப்படி அறிவது? சிர்க்கன் என்று ஒரு கனியம் உண்டு. மாத்தறை வைரம் என்று நகைக்கடைக்காரர் சொல்வது நிறமற்ற சிர்க்கனைத்தான். பாரசீகத்தில் பொன்னிறத்தைக் குறித்த சொல் அரபியில் ஸர்கூன் ஆகி, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது என்பர். பாறை உருகி ஆறும்போது சிர்க்கன் பளிங்காக உறைகிறது. அப்போது சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே பிற்காலத்தில் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டான ஈயமாகத்தான் இருக்க வேண்டும். யுரேனியம் 238 இல் பாதி ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். சின்னப் பிள்ளை பெருநாள் காசு சேர்க்கும் உண்டியலைப் போல நினையுங்கள். முதல் நாள் உண்டியல் வெறுமை. காசு விழும் வேகம் தெரியும். இன்று எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால் எப்போது சேர்க்கத் தொடங்கினாள் என்று சொல்லிவிடலாம்.

இந்த எண்ணம் விஞ்ஞானிகளுக்குத் தோன்றிய காலத்திலேயே எமது நாட்டின் பெயர் அதில் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பூமிக்கு 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு வயதுதான் என்று கெல்வின் பிரபு கணக்கிட்டிருந்தார். அவரை எதிர்த்துப் பேசப் பலரும் தயங்கிய காலம் அது. அப்போது இலங்கையில் கனிப்பொருள் அளவை தொடங்கப்பட்டு, 1903 முதல் 1906 வரை அதற்குத் தலைமை தாங்கினார் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவரைக் கலை அறிஞராகவே நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். கொழும்பில் ஒரு தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவர் முதலில் புவிச்சரிதவியலாளர் என்பதைப் படிப்பதில்லை. அவரும் பிரையர் என்பவரும் சேர்ந்து இலங்கையில் கிடைத்த ஒரு புதிய கனியத்தை 1903இல் விவரித்து, செரண்டிபைட் என்று பெயரிட்டார்கள். அரபு வணிகர்கள் இந்தத் தீவுக்கு வைத்த ஸரந்தீப் என்ற பெயர்தான் அது.

அதே காலத்தில் சப்ரகமுவ மாகாணத்தில், இல்லம் என்று இரத்தினக்கல் தோண்டுவோர் சொல்லும் சரளை மண்ணில், கனமான கறுப்புக் கல் துண்டுகள் கிடைத்தன. இலண்டனில் ஆராய்ந்தபோது அவை தோரியமும் யுரேனியமும் நிறைந்த புதிய கனியம் என்று தெரிந்தது. 1904இல் தோரியனைட் என்று பெயர் சூட்டினார்கள். 1907இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல்ட்வூட், யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து கற்களின் வயதுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஆகக் கூடிய வயது இலங்கைத் தோரியனைட்டுக்கு: 220 கோடி ஆண்டுகள். 1911இல் ஆதர் ஹோம்ஸ் என்ற 21 வயது இளைஞர் வெளியிட்ட பட்டியலிலும் முதலிடம் இலங்கைக் கல்லுக்குத்தான்: 164 கோடி. கெல்வின் பிரபுவின் கணக்கோடு ஒத்துப்போகாத எண்கள் இவை. சப்ரகமுவவின் ஒரு பிடி கல் உலகத்தின் வயதுக் கணக்கை மாற்றி எழுத உதவியது.

பெருமைப்பட்டு இத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் கதை முடியவில்லை. அந்த இரண்டு எண்களும் பிழை. தோரியமும் சிதைந்து ஈயமாகும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே மூலகத்துக்குப் பல சமதானிகள் உண்டு என்பது 1913இல்தான் தெளிவானது. பின்னர் சரியாக அளந்தபோது இலங்கைத் தோரியனைட்டின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளாகக் குறைந்தது. பூமி மிகப் பழையது என்ற முடிவு சரி. அதற்குக் காட்டிய எண் பிழை. பிழையைத் திருத்தியவர்கள் கல்லைத் திரும்பவும் எடுத்து அளந்தவர்கள். மாணவிகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சோதனையில் ஒரு விடை பிழைத்தால் அழுதுகொண்டு விஞ்ஞானப் பிரிவையே விட்டுப் போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். போல்ட்வூட் நான்கு மடங்கு பிழைவிட்டவர். இன்றும் அந்தத் துறை அவரை முன்னோடி என்றே சொல்கிறது.

இனிப் படிக்கல்லுக்கு வருகிறேன். அவுஸ்திரேலியாவின் கன்பராவிலுள்ள தேசிய பல்கலைக்கழகத்தில் வில்லியம் கொம்ப்ஸ்டனும் அவருடைய குழுவினரும் பெரிய கருவியொன்றைக் கட்டினார்கள். அதன் நீண்ட பெயரைச் சுருக்கினால் ஷ்ரிம்ப் என்று வரும், இறால். ஓர் அறையையே நிரப்பும் இந்த இறால், மணல் பருமனுள்ள சிர்க்கனில் தலைமயிர் அகலத்தை விடச் சிறிய இடமொன்றைச் சுரண்டி, அதிலிருந்து பறக்கும் அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும். ஆனால் ஒரு சிக்கல். யுரேனியமும் ஈயமும் ஒரே அளவில் பறந்து வருவதில்லை. தராசுக்கு அரிசியின் அளவு தானாகத் தெரியாதது போலத்தான் இதுவும். வயது உறுதியாகத் தெரிந்த ஒரு சிர்க்கனைப் பக்கத்தில் வைத்து, இதில் ஒரு தடவை அதில் ஒரு தடவை என்று மாறி மாறி அளக்க வேண்டும்.

கன்பரா ஆய்வுகூடத்தின் அந்தப் படிக்கல்லுக்கு எஸ்எல் 13 என்று பெயர். அது இலங்கையின் இரத்தினக்கல் தரமான சிர்க்கன், வயது 57.2 கோடி ஆண்டுகள். பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகம் பயன்படுத்திய சிசெட் 3 என்ற கல்லும் இலங்கைச் சிர்க்கன்தான். பின்னர் வந்த எம் 257 என்ற கல்லும் அப்படியே. எமது சிர்க்கன்கள் பெரியவை. உள்ளே எங்கு சுரண்டினாலும் ஏறக்குறைய ஒரே விடை தருபவை. ஒரு கல்லை நூற்றுக்கணக்கான துகள்களாக உடைத்து எத்தனையோ ஆய்வுகூடங்களுக்குப் பங்கிடலாம்.

அப்படி அளந்து கண்டவை என்ன? 1983இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் மவுண்ட் நாரியர் என்ற இடத்துப் பாறையிலிருந்து 410 முதல் 420 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கன்களைக் கொம்ப்ஸ்டனின் குழு கண்டறிந்தது. அதற்கு அருகிலுள்ள ஜாக் ஹில்ஸில் எடுத்த ஒரு துகளின் வயது 440.4 கோடி ஆண்டுகள் என 2001இல் அறிவிக்கப்பட்டது. பூமியிலேயே உருவானவற்றுள் இதுவரை கிடைத்த மிகப் பழைய துண்டு அது. அங்குள்ள பழைய சிர்க்கன்களில் ஒட்சிசனின் சமதானிகளை அளந்தவர்கள், அக்காலத்திலேயே பூமியில் திரவ நீர் இருந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு வந்தார்கள். அதற்கு முன் முதல் ஐம்பது கோடி ஆண்டுகளைத் தீக்குழம்பாகவே கற்பனை செய்துவந்தார்கள். காலையும் மாலையும் கடலைப் பார்த்து வளரும் கல்முனைப் பிள்ளைக்குக் கடலின் முதல் தடயம் ஒரு மணற்துகளுக்குள் இருந்தது என்று சொன்னால், அவள் கண் விரிவதை நான் கண்டிருக்கிறேன்.

"அது அவுஸ்திரேலியா, எங்கட நாட்டில என்ன இருக்கு?" என்று கேட்கலாம். 1987இல் ஜேர்மனியரான அல்பிரட் குரோனர், கன்பரா விஞ்ஞானிகளோடும் எமது நாட்டு விதானகே, பெரேரா ஆகியோரோடும் சேர்ந்து இலங்கைப் பாறைகளின் சிர்க்கன்களை இதே முறையில் அளந்தார். மலைநாட்டுப் பாறைகளில் 320 கோடி ஆண்டு வரை பழைமையான துகள்கள் இருந்தன. ஏதோ ஒரு பழைய நிலத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த மணல், பாறையாகி, ஆழத்தில் வெந்து, மீண்டும் மேலே வந்திருக்கிறது. அம்பாறை மாவட்டம் இருப்பது விஜயன் தொகுதி என்று அழைக்கப்படும் கிழக்குப் பகுதிப் பாறைகளின் மேல். அவற்றின் மூலப் பாறைகள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு பழையவை. இந்தப் பகுதிகளெல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டிய காலமும், எமது சிர்க்கன்கள் பிறந்த 55 கோடி ஆண்டையொட்டிய காலமும் ஒன்றுதான். இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே நிலமாகச் சேர்ந்த காலம் அது. உங்கள் வீட்டு அத்திவாரத்தில் போட்ட கருங்கல் அந்தக் காலத்தைக் கண்ட கல்.

இவ்வளவும் இருந்தும் எமது பகுதிப் பிள்ளைகள் இந்தத் துறைப் பக்கம் திரும்புவது மிகக் குறைவு. என் அனுபவத்தைச் சொல்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்தபின் பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்க ஆசைப்பட்டேன். வாப்பா கோபிக்கவில்லை. தராசைத் துடைத்துக்கொண்டே, "மகள், சுத்தியலோட மலை மலையாத் திரியிற வேலை. பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன். இரசாயனம் படித்து ஆசிரியையானேன். இதில் எனக்கு மனக்குறை இல்லை. வாப்பாவில் கோபமும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்து என் நன்மைக்காகச் சொன்னார். ஆனால் அன்று அவருக்குத் தெரியாதிருந்தவற்றை இன்றைய பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்கும் நான்கு ஆட்சேபங்களுக்கு என் பதிலைச் சொல்கிறேன்.

முதலாவது, பெண்பிள்ளைக்குக் காடுமலை வேலை எதற்கு என்பது. இந்தத் துறையின் பெரும் பகுதி இன்று ஆய்வுகூடத்தில், நுணுக்குக்காட்டியின் முன் நடக்கிறது. களப்பயணம் உண்டு, அது குழுவாகப் போவது. 2018இல் இந்தியாவின் ஒடிசா மாநிலத்துப் பாறையில் 424 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கன்களைக் கண்டறிந்த ஆய்வின் முதல் பெயர் திரிஸ்ரோதா சௌத்ரி என்ற பெண்ணுடையது. நாம் பயந்து மூடும் கதவுக்கு அப்பால் அயல்நாட்டுப் பெண்பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, தொழில். பேராதனையில் புவிச்சரிதவியல் துறையும், மொறட்டுவையில் புவிவளப் பொறியியலும், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் கனிய வளங்கள் பற்றிய பட்டப்படிப்பும் இருக்கின்றன. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் இருக்கிறது. இதே கிழக்குக் கரையில் புல்மோட்டையில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் எல்லாம் மணலிலிருந்து பிரிக்கப்படுகின்றன. எல்லோருக்கும் வைத்தியபீடத்தில் இடம் கிடைப்பதில்லை. மூன்று தடவை சோதனை எழுதி மனமுடைந்த பிள்ளைகளுக்கு இப்படியும் வழி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, மார்க்கம். கோடிக்கணக்கான ஆண்டு என்று படித்தால் பிள்ளையின் ஈமான் கெடுமோ என்று ஒரு உம்மா என்னிடம் மெல்லக் கேட்டார். நேர்மையான பயம் அது, நான் மதிக்கிறேன். அவருக்கு அல்பிரூனியைப் பற்றிச் சொன்னேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், வட இந்தியச் சமவெளியில் தோண்டும்போது வரும் கற்கள் மலையடியில் பெரிதாகவும் தூரம் போகப் போகச் சிறிதாகவும் இருப்பதைப் பார்த்து, இது ஒரு காலத்தில் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என்று எழுதியவர் அவர். இரத்தினங்களின் அடர்த்தியை அளந்து தனி நூலே எழுதினார். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பார்க்கும்படி அல்குர்ஆன் அழைப்பதை நாம் ஓதுகிறோம். ஓதிவிட்டுக் கல்லைப் பார்க்க மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான்காவது, இதனால் யாருக்கு என்ன பயன் என்பது. சிக்காகோவில் சிர்க்கனுக்குள் உள்ள ஈயத்தை அளக்க முயன்ற கிளெயர் பற்றர்சன் என்ற இளைஞருக்கு அளவு எப்போதும் கூடுதலாகவே வந்தது. காற்றிலும் தூசியிலும் தன் கையிலும் ஈயம் இருப்பதைக் கண்டார். வருடக்கணக்காக ஆய்வுகூடத்தைச் சுத்தம் செய்துதான், விண்கல்லின் ஈயத்தைக் கொண்டு பூமியின் வயது 455 கோடி ஆண்டு என 1956இல் வெளியிட்டார். அந்த மாணவி கேட்ட எண் அதுதான். அத்தோடு அவர் நிற்கவில்லை. இந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, பெற்றோலில் கலக்கும் ஈயத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002இல். இன்று எமது பிள்ளைகள் பஸ் நிலையத்தில் சுவாசிக்கும் காற்றில் அந்த நஞ்சு குறைந்திருப்பதற்குப் பின்னால் பூமியின் வயதைத் தேடிய ஒருவர் இருக்கிறார்.

எமது பகுதிக்கு இன்னும் நெருக்கமாகச் சொல்வதானால் கிணற்றைச் சொல்வேன். உலர்வலயக் கிணறுகளில் புளோரைட்டு ஏன் கூடுகிறது, அது பற்களையும் எலும்பையும் எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பேராதனையின் சி.பி. திசாநாயக்க போன்ற புவி இரசாயன அறிஞர்கள் பல காலம் ஆராய்ந்தார்கள். அந்தப் புளோரைட்டு வருவது நான் மேலே சொன்ன பழைய பாறைகளிலிருந்துதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபின் கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போனதை எமது தலைமுறை மறக்காது. மணலின் கீழ் நன்னீர் எப்படித் தங்குகிறது, எவ்வளவு இறைக்கலாம் என்று கேட்டுச் சொல்ல எமது ஊரிலேயே படித்தவர்கள் அப்போது இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! ஆதிப் பூமியை ஆராயும் அதே இரசாயனம்தான் கிணற்றுத் தண்ணீரையும் ஆராய்கிறது. ஒன்றைப் படித்தவளுக்கு மற்றது கைவரும்.

இப்போது பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதல்ல. உங்கள் மகள் கல்லையும் மண்ணையும் பற்றிக் கேள்வி கேட்டால் சிரித்து மூடிவிடாதீர்கள். பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது இந்தப் பாடங்களின் பெயர்களையும் ஒரு தடவை சேர்ந்து வாசியுங்கள். அவள் வேண்டாம் என்றால் சரி. வாசிக்காமலே வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது.

மாணவிகளிடம் கேட்பது இது. எமது விஞ்ஞானகூடத்தின் ஒரு மூலையில் கல்லடுக்கு ஒன்று தொடங்குவோம். கடற்கரையில் அலை கழுவிய மணலில் கறுப்பு வரி காணப்படும் இடத்தில் ஒரு பிடி அள்ளி வாருங்கள். காந்தத்தை மேலே பிடித்து எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று பாருங்கள். கைவில்லையால் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் கருங்கல்லில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் பட்டைகளை வரைந்து வாருங்கள். காசு செலவில்லாத ஆராய்ச்சி இது.

எமது நாட்டின் சிர்க்கனைப் படிக்கல்லாக வைத்து உலகம் தன் ஆதிகாலத்தை அளந்தது. அளந்தவர்கள் பிழை செய்யவில்லை. கேட்க ஆள் இருந்த இடத்தில் விடை கிடைத்தது. கல் இங்கிருந்து போய்க்கொண்டிருக்க, கேள்வி மட்டும் வேறு ஊரில் பிறப்பதே என் கவலை.

அன்று வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு முழுப் பதில் சொல்ல மணி இடம் கொடுக்கவில்லை. "ஒருத்தரும் பாக்கல்ல மகள், கல்லுதான் பாத்த. அதிட்டக் கேக்கத் தெரிஞ்சாச் சொல்லும்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த கிழமை அவள் ஒரு ஜாம் போத்தல் நிறையக் கடற்கரை மணலோடு வந்தாள். வாப்பாவே கூட்டிக்கொண்டு போனாராம். அந்தப் போத்தல் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், கல்லடுக்கின் முதல் தட்டில் அதைத்தான் வைக்கப் போகிறேன்.